சின்னப் பிள்ளை தேறாது

நனைந்த சாக்கின் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு ஆகாது. மழை நாளில் பதுளையில் எந்தக் கடைக்குப் போனாலும் வாசலில் கால் துடைக்க ஒரு சாக்கைப் போட்டிருப்பார்கள். புளித்த மாதிரியும் மண் மாதிரியும் மணக்கும் அதை மிதித்துக்கொண்டு எல்லோரும் உள்ளே போவார்கள், நான் மட்டும் ஒரு கணம் நின்று "முருகா" என்று சொல்லிவிட்டுத்தான் தாண்டுவேன். அம்மாவுக்குச் சாக்கைக் கண்டால் பயம் என்று என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். சாக்குக்கு யாராவது பயப்படுவார்களா? அந்தச் சாக்கில் சுற்றி, மூடுபனிக்குள்ளே, என் அப்பா ஒரு நாள் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனாரே, அதற்குத்தான் பயந்தேன். அந்தப் பயம் எங்கே பிடித்தது, எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எனக்குத் தெரிந்த மட்டில் எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹல்துமுல்லைக்கு மேலே, பெரிய ரோட்டிலிருந்து வெகுதூரம் ஏறிப் போகவேண்டிய இடத்தில் இருந்தது. மேல் பிரிவை "மேக்கணக்கு" என்போம். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம் அங்கேதான். வெயில் அடிக்கிற நாளில் லயத்து வாசலில் நின்றால் கீழே தெற்குச் சீமை முழுவதும் பாய் விரித்த மாதிரி தெரியும், குளங்கள் கண்ணாடித் துண்டு போல மின்னும். அம்மா கையை நீட்டி, அதோ அந்தப் புகைமூட்டத்துக்குள்ளேதான் கதிர்காமம் என்று சொல்லிக் கும்பிடுவார். ஆனால் மார்கழியும் தையும் வந்தால் அந்தச் சீமையும் கிடையாது, கும்பிடுவதற்குத் திசையும் கிடையாது. மூடுபனி இறங்கிக் கூரைமேல் படுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் இருமுவது கேட்கும், ஆள் தெரியாது.

என் அப்பா துரை பங்களாவில் தோட்ட வேலை செய்தார். பூப்பாத்தி, புல்வெட்டு என்று நூறு வேலை இருந்தாலும் அவர் உயிரை வாங்கியவை சட்டிகளில் வளர்த்த பனைகள்தான். அப்போதிருந்த துரையின் மனைவி, நாங்கள் "தொரைசாணி" என்று சொல்லும் அம்மா, காலிப் பக்கம் கடற்கரை ஊரில் பிறந்தவர். கண்ணுக்கு முன்னால் ஓர் ஓலை அசையாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காதாம். அதனால் விறாந்தை ஓரம் முழுவதும் சட்டிகள் வைத்தார். விசிறி மாதிரி ஓலை விரிக்கும் பனையும், மூங்கில் போலத் தூர் தூராகக் கிளம்பும் குட்டைப் பனையும் எங்கள் மலைக் குளிரைச் சட்டை செய்யாமல் நின்றன. அவற்றின் ஓலைகளை அப்பா வாரா வாரம் ஈரத் துணியால் துடைத்தால் போதும். அது போதவில்லை தொரைசாணிக்கு. ஊருக்குப் போன ஒரு தடவை இரண்டு தென்னம்பிள்ளைகளைக் காரில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். தென்னையாவது, மேக்கணக்குக் குளிரிலாவது!

அந்த இரண்டையும் அப்பா வளர்த்த விதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சட்டிக்கு அடியில் உடைந்த ஓட்டுத் துண்டு, அதன்மேல் அடுப்புக்கரி, அதன்மேல் பாதிக்குப் பாதி மணல் கலந்த மண். மலை ஊற்றிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது. தகரத்தில் பிடித்து வெயிலில் வைத்துச் சில்லிப்புப் போன பிறகுதான் ஊற்றவேண்டும். அதுவும் ஓரமாக; குருத்துக்குள்ளே ஒரு சொட்டு இறங்கித் தங்கினாலும் உள்ளுக்குள்ளேயே அழுகிவிடும். பனி விலகினால் சட்டியை வெளியே தூக்கி வைப்பார், விலகாவிட்டால் பங்களாவுக்குப் பின்னாலிருந்த கண்ணாடி அறைக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்துவார். தென்னங்கன்றைப் பிள்ளை என்று சொல்வது நம் வழக்கம்தானே? அந்த இரண்டு பிள்ளைகளும் கிடந்ததால், அந்தக் கண்ணாடி அறைக்குப் பங்களா வேலையாட்கள் "புள்ளக்காம்பரா" என்று கேலியாகப் பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தக் கேலி எனக்குத் தெரியாது. பங்களா கேட்டுக்கு உள்ளே லயத்துப் பிள்ளைகள் கால் வைக்க முடியாது. எனக்குத் தெரிந்த பிள்ளைக்காம்பரா ஒன்றே ஒன்றுதான். தாய்மார் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்களே, சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும் அந்த நீளக் கட்டடம். அந்தத் தொட்டில்களில் ஒன்றில்தான் என் தம்பி குமரன் கிடந்தான். எனக்குப் பிறகு வெகுநாள் கழித்துப் பிறந்தவன், குறைமாதப் பிள்ளை. கை கால் எல்லாம் ஈர்க்குச்சி. அழுதால் பூனைக்குட்டிச் சத்தம்தான் வரும். எங்கள் வீட்டில் பிள்ளை என்றால் நானும் அவனும், இரண்டே பேர்.

மார்கழி பிறக்கப்போகிற சமயம், பள்ளிக்கூடம் விட்டு வந்து பீலியில் வாளியை வைத்துக்கொண்டு நின்றேன். மேட்டுக்கு மறுபக்கம் அப்பாவும், அவரோடு பங்களாவில் வேலை செய்த சுப்பையா மாமாவும் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் நிற்பது அவர்களுக்குத் தெரியாது.

"புள்ளக்காம்பரா பக்கம் எப்படிண்ணே இருக்கு?" என்று மாமா கேட்டார்.

"பெரிய புள்ள நல்லாருக்கு. சின்னப் புள்ள தேறாது, சுப்பையா."

"அடப் பாவமே. தொரைசாணி என்ன சொல்றாங்க?"

"இந்தப் பனிக்கு நிக்கலேன்னா தூக்கிப் போட்டுருன்னுட்டாங்க. பெருசு ஒண்ணு இருக்கே, அது போதுமாம்."

"நீங்களும் போட்டுருவீங்களாக்கும்?"

"போடாம? மடியில வச்சுத் தாலாட்டவா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் வாளி நிரம்பி, வழிந்து, காலெல்லாம் நனைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. பெரிய பிள்ளை நான். நான் போதுமாம். அப்பாவே சிரித்துக்கொண்டு சொல்கிறார்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் கெட்டதை வாயால் சொல்லக்கூடாது. செத்துப்போச்சு, அழிஞ்சுபோச்சு என்று எந்தச் சொல்லும் விளக்கு வைக்கிற வீட்டில் உச்சரிக்கக்கூடாது. அரிசி தீர்ந்தால்கூட "அரிசி நிறைஞ்சிருச்சு" என்றுதான் அம்மா சொல்வார். நான் வாயைத் திறந்து தம்பியைத் தூக்கிப் போடப்போகிறார்கள் என்று சொன்னால், அது என் வாயாலேயே நடந்துவிடும். ஆகவே அதை விழுங்கினேன்.

அன்றிலிருந்து நான் அவனுக்குக் காவல். பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடுவேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கி, தொட்டில் சேலை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஏறுகிறது என்று தெரிந்தபிறகுதான் என் மூச்சு வரும். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயம்மாவுக்கு என்மேல் எரிச்சல்.

"என்னடி, கருவாட்டப் பாத்த பூனையாட்டம் வந்து வந்து எட்டிப் பாக்குற? ஒந் தம்பியக் கடிச்சா தின்னுருவேன்? எனக்குப் பல்லே கெடையாது, பாரு" என்று வாயைத் திறந்து காட்டுவார்.

"தொரைசாணி இங்க வந்தாங்களா ஆயம்மா?"

"அவுங்க எதுக்குடி இந்த மூத்திர நாத்தத்துக்கு வாறாங்க? போ, போ, மணி அடிக்கப் போவுது."

வீட்டில் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். வேலையால் வந்ததும் தம்பியை இரண்டு கையாலும் தூக்கி, மேலே போட்டுப் பிடிப்பது அவர் வழக்கம். ஒருநாள் அப்படித் தூக்கியபோது நான் வீறிட்டுக் கத்திவிட்டேன். அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பிள்ளைக்குக் காத்துக் கருப்பு அடித்திருக்கிறது என்று அம்மா என்னை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனார். பூசாரி வேப்பிலையால் முகத்தில் அடித்து, திருநீறு பூசி, கையில் கறுப்புக் கயிறு கட்டினார். அந்தக் கயிற்றை வீட்டுக்கு வந்ததும் கழற்றித் தம்பி காலில் கட்டினேன். திருநீற்றையும் வழித்து அவன் நெற்றியில் பூசினேன். எனக்கு எதற்கு? நான்தான் போதுமான பிள்ளை ஆயிற்றே.

மூடுபனி நன்றாக இறங்கிவிட்ட ஒரு நாள், மத்தியானமா சாயங்காலமா என்று தெரியாத வெளிச்சத்தில், பள்ளிக்கூடத்திலிருந்து குறுக்குப் பாதையால் வந்துகொண்டிருந்தேன். மேலே பங்களாப் பாதையில் யாரோ இறங்கி வருவது தெரிந்தது. நடையைப் பார்த்ததும் அப்பா என்று தெரிந்துவிட்டது. இரண்டு கையிலும், நெஞ்சோடு சேர்த்து, ஈரச் சாக்கில் சுற்றிய ஒன்றை ஏந்தியிருந்தார். கைப்பிள்ளை அளவுக்கு இருந்தது. எங்கள் லயத்துப் பக்கம் திரும்பாமல், குப்பை கொட்டும் பள்ளத்துப் பக்கம் திரும்பினார்.

ஓடினேன் பாருங்கள், அப்படி ஓட்டம் அதற்கு முன்னும் ஓடவில்லை, பின்னும் ஓடவில்லை. தேயிலைச் செடி கீறி முழங்காலெல்லாம் ரத்தம். "அப்பா வேணாம்ப்பா! அப்பா வேணாம்ப்பா!" என்று கத்திக்கொண்டே போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். அந்த ஈரச் சாக்கு என் முகத்தில் உரசியது. அந்த வாசனைதான், இன்றைக்கும் போகாதது.

"ஏய், என்ன ஆத்தா, என்ன? விழுந்துட்டியா?" என்று அப்பா பதறி, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பிய போடாதீங்கப்பா, நான் சோறு கேக்க மாட்டேன், தம்பிய போடாதீங்க."

அவர் ஒன்றும் புரியாமல் சாக்கை விலக்கினார். உள்ளே ஒரு தேங்காய், அதன் தலையில் வெளிறிய மஞ்சளாய் இரண்டு மூன்று ஓலை. "இதப் பாரு. தென்னம்புள்ள. பங்களாவுல இருந்த தென்னம்புள்ள. இதுவா ஒந் தம்பி?" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் விக்கி விக்கி, பீலியில் கேட்டதைச் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் நின்றுபோனது. சாக்கை மறுபடி சுற்றினார். பள்ளத்துக்குப் போகாமல், அதை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அம்மா மலையிலிருந்து வந்ததும், சிரிப்பாகத்தான் சொல்லத் தொடங்கினார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை. தலையில் கட்டியிருந்த துணியைக்கூட அவிழ்க்காமல் நின்று கேட்டார். கேட்டுவிட்டு, நான் என்றைக்கும் கேட்டிராத குரலில் பேசினார்.

"பெத்த வாயால சொல்லியிருக்கீங்க, சின்னப் புள்ள தேறாது, தூக்கிப் போடணும்னு."

"நான் சொன்னது தென்னம்புள்ளயத்தானே."

"சாமிக்கு எந்தப் புள்ளன்னு எப்படித் தெரியும்?"

"சாமிக்குத் தெரியாதா புள்ள?" என்றார் அப்பா. அம்மாவை அவர் கூப்பிடுவதும் அப்படித்தான்.

"இப்பவும் புள்ளங்கிறீங்க! மொதல்ல வாயக் கழுவிட்டு வாங்க."

அப்பா உண்மையாகவே எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துத் தம்பியைச் சுற்றி அடுப்பில் போட்டார். விளக்கேற்றினார். அந்தத் தென்னம்பிள்ளையைப் பள்ளத்தில் போட்டால் சொன்ன சொல் பலித்துவிடும், அது நின்றால் சொல் பொய்த்துவிடும் என்று முடிவாகச் சொன்னார். முருகன் படத்துக்கு முன்னால் மஞ்சள் துணி முடிந்து, "இந்தக் குளிர் தாண்டி அதுவும் நிக்கணும், இவனும் நிக்கணும். ஆடிக்குக் கதிர்காமத்துக்கே கொண்டாந்து ஒப்படைச்சிர்றேன் அப்பனே" என்று நேர்ந்துகொண்டார். எனக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும், இல்லை. அதுவரைக்கும் நான் ஒருத்திதான் பயந்தேன், இனி அம்மாவும் பயப்படுகிறார் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. பெரியவர்களே பயந்தால் சின்னவர்கள் யாரிடம் போவது?

அதற்குப் பிறகு எங்கள் ஒற்றை அறையில் இரண்டு கைப்பிள்ளைகள். சட்டி பங்களாவுடையது, அது அங்கேயே நின்றுவிட்டது. அப்பா பழைய பெயின்ட் தகரம் ஒன்றை நெருப்பில் சுட்டு, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கரியும் மணலும் நிரப்பித் தென்னையை நட்டார். அடுப்புக்கு ஒரு பக்கம் தம்பியின் தொட்டில், மறுபக்கம் தகரம். புகை படாத தூரம், சூடு படுகிற தூரம். காலையில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தாலும் அம்மா அவனை எண்ணெய் தடவி இஸ்தோப்பில் சாக்கு விரித்துக் கிடத்துவார். அப்பா தகரத்தைத் தூக்கி வந்து பக்கத்திலேயே வைப்பார். லயத்தில் வீட்டுக்கு முன்னாலுள்ள ஒடுங்கிய விறாந்தையைத்தான் இஸ்தோப்பு என்போம். அந்த வழியால் போகிற சுப்பையா மாமா, "என்னண்ணே, ரெட்டப் புள்ளையா?" என்பார். அம்மா எரித்துவிடுகிற மாதிரி பார்ப்பார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே அப்போது தடை. தென்னையை "அது" என்போம். தம்பியை "அவன்" என்போம். அப்பா அம்மாவைக் கூப்பிடச் சொல் இல்லாமல், "இந்தா" என்று கூப்பிட்டுத் திரிந்தார்.

அது தேறத்தான் செய்தது. மஞ்சள் ஓலை ஓரத்திலிருந்து பச்சை ஏறியது. நடுவில் ஈட்டி மாதிரி ஒரு புதுக் குருத்து மூடிக்கொண்டு எழும்பியது. அம்மா அதைப் பார்த்துப் பார்த்துத் தம்பிக்குப் பால் கொடுப்பார். நான் மட்டும் அதற்கு முதுகைக் காட்டி உட்காரமாட்டேன். நான் பார்க்காத நேரத்தில் அது ஏதாவது செய்துவிடும் என்று ஒரு எண்ணம்.

தையில் விடாத மழை பிடித்தது. துணி காயவில்லை, விறகு எரியவில்லை. தம்பிக்குச் சளி கட்டியது; மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. தோட்டத்து லொறியில் அம்மா அவனைப் போர்த்தி மடியில் வைத்துக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனார். லொறி திரும்பும்போது அம்மா தலையை வெளியே நீட்டிக் கத்தினார். தம்பியைப் பற்றியில்லை. "அதப் பாத்துக்கங்க!" என்றுதான் கத்தினார்.

நானும் அப்பாவும் அதுவும் வீட்டில் இருந்தோம். அப்பா முடிந்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருவார். "எப்படிப்பா இருக்கான்?" என்றால், "அப்படியேதான் இருக்கான்" என்பார். அந்த அப்படியே என்பது நல்லதா கெட்டதா என்று கேட்க எனக்கு நாக்கு எழாது. கோயில் பக்கம் போகும்போதெல்லாம் மாரியாத்தாளிடம், என்னைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அவனைக் கொஞ்சம் கூட்டு என்று கேட்டிருக்கிறேன். எப்படிக் குறைப்பது என்று எனக்கே தெரியாது. அவளுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலை அப்பா பதுளைக்குப் புறப்பட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். போகுமுன் வழக்கம்போல ஈரத் துணியால் ஓலைகளைத் துடைத்தார். நடுக் குருத்தைத் துடைக்க இரண்டு விரலால் பிடித்தார். அது அப்படியே அவர் கையோடு வந்துவிட்டது. இழுக்கக்கூட இல்லை. அடிப்பக்கம் பழுப்பாய்க் குழைந்து, கெட்ட நாற்றம் வீசியது. தென்னைக்குக் குருத்துப் போனால் பிறகு ஒன்றும் இல்லை. ஓலை கொஞ்ச நாள் பச்சையாக நிற்கும், அவ்வளவுதான்.

அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"செல்வி, இது செடி. வெறும் செடி. சொல்லு."

"வெறும் செடி" என்றேன்.

"இதுக்கும் தம்பிக்கும் ஒண்ணும் இல்ல. சொல்லு."

நான் அவர் கையிலிருந்த குருத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வற்புறுத்தவில்லை. அன்றைக்குத் தனியாகப் போக அவருக்குத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன், என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்புத்தளைக்கு நடந்து போய் ரயில் ஏறினோம். வாழ்க்கையில் முதல் ரயில். ஒன்றையும் நான் வேடிக்கை பார்க்கவில்லை. சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து இருட்டாகும்போதெல்லாம் அப்பா என் கையைப் பிடித்தார். வெளிச்சம் வந்த பிறகும் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் வார்டு வாசலிலேயே அம்மா உட்கார்ந்திருந்தார், மடியில் துணி மூட்டையாகத் தம்பி. முகம் மூடியிருந்தது. அப்பா பக்கத்தில் போய் நின்றார். அவர் கேட்பதற்கு முன்னால் அம்மா கேட்டார்.

"அது எப்படி இருக்கு?"

நான் தரையைப் பார்த்தேன். அப்பா ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை.

"நல்லாருக்கு. குருத்து விரிஞ்சிருச்சு. பச்சப்பசேல்னு இருக்கு."

அம்மா கண்ணை மூடி, மூச்சை விட்டார். "அதான் பாத்தேன்" என்றார். "காலையில இருந்து நல்லாக் குடிக்கிறான்." முந்தானையை விலக்கினார். தம்பி பாலை விட்டுவிட்டு எங்களைப் பார்த்து, அந்தப் பூனைக்குட்டிக் குரலில் சிணுங்கினான். அப்பா சுவரோரமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

அம்மா வீடு வருவதற்குள், வெல்லவாயப் பக்கம் போய்வரும் லொறிக்காரர் ஒருவரிடம் சொல்லி அப்பா வேறொரு தென்னம்பிள்ளை வரவழைத்தார். அதே தகரம், அதே கரி, அதே மணல். செத்ததை எங்கே புதைத்தார் என்று எனக்கும் காட்டவில்லை. அம்மா உள்ளே வந்ததும் முதலில் விளக்கேற்றினார். பிறகு தகரத்துக்கு முன்னால் குந்தி, ஒவ்வோர் ஓலையாகத் தடவினார். அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "குளுருல நல்லாத்தான் தேறியிருக்கு" என்றார். அப்பா, "ஆமா" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எனக்கு முடியவில்லை. சாமியை ஏமாற்றிவிட்டோம், சாமி கண்டுபிடித்தால் தம்பியைத் திருப்பிக் கேட்கும் என்று, குளிர் போய் வெயில் வந்த பிறகும் நான் பயந்துகொண்டே இருந்தேன்.

ஆடியில் கதிர்காமத்துக்குப் புறப்பட்டோம். அப்பா தகரத்தை மடியில் வைத்திருந்தார், அம்மா தம்பியை. பஸ் வெல்லவாய இறக்கத்தில் இறங்க இறங்க, சுடுகாற்று உள்ளே வந்தது. பிறந்ததிலிருந்து அத்தனை சூட்டை அறியாத தம்பி கையைக் காலை உதைத்துச் சிரித்தான். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்.

"அதுல கடைசி ஓலையில ஒரு கிழிசல் இருந்துச்சு. என் வளையல் பட்டுக் கிழிஞ்சது. இதுல இல்ல."

அப்பா தகரத்தை இறுக்கிப் பிடித்தார். "நான் வந்து..." என்று தொடங்கினார்.

"வாய மூடிட்டு வாங்க. சாமி சீமைக்குள்ள வந்துட்டோம்."

வீடு வந்த அன்றைக்கே அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை மாதமும் அவர் தனியாக அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டு, வேறு தென்னைக்குத் சில்லிப்புப் போக்கித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். சொல்லிவிட்டால் உண்மையாகிவிடுமே. கோயிலில் அந்தத் தகரத்தை வைத்துக் கும்பிட்டபோது அம்மா கூப்பிய கையை இறக்கவேயில்லை. என்ன சொல்லி வேண்டினார் என்று கடைசிவரை சொல்லவில்லை. நாங்கள் தங்கிய மடத்தில், பின்னால் கிணற்றடியில் நட்டுக்கொள்கிறோம் என்று வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பங்களா சுற்றுலாக்காரர் தங்கும் இடமாகிவிட்டது. கண்ணாடி அறை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். பிள்ளைக்காம்பராவுக்குப் புதுப் பெயர்ப் பலகை போட்டிருக்கிறார்கள், அந்தப் பழைய சொல் வயதானவர்கள் வாயில்தான் மிச்சம். பதுளையில் தெருவோரமே பிளாஸ்டிக் சட்டியில் விதவிதமான பனை விற்கிறார்கள். தம்பி வளர்ந்து, கொழும்பில் வேலை செய்து, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். என்னைப்போல ஒன்றரை ஆள் உயரம். மார்கழி வந்தால் இன்னமும் நான் காலையில் விளக்கேற்றிவிட்டு அவனுக்குப் போன் செய்வேன். "உசுரோடத்தான் இருக்கேன், போனை வையி அக்கா" என்பான். அந்தச் சொல்லைச் சொல்லாதே என்று திட்டுவேன்.

போன ஆடியில் அவன் குடும்பத்தோடு நானும் கதிர்காமம் போனேன். தென்னையைப் பள்ளத்தில் போடப் போனதையும், அவனுக்காக நேர்ந்து மடத்தில் கொடுத்ததையும் அப்பா அவனுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். குருத்துப் போன கதையை யாரும் சொன்னதில்லை. மடம் இருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். பழைய கட்டடம் இல்லை. கிணற்றை மூடியிருந்தார்கள். பக்கத்தில் மூன்று தென்னைகள் நின்றன. நான்காவது, கிணற்றுக்கு மிகக் கிட்டே, வெட்டிய அடிமரமாக இருந்தது. ஈரம்கூடக் காயவில்லை, சுற்றிலும் மரத்தூள்.

தம்பி இன்னும் அதைக் கவனிக்கவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

"அக்கா, இதுல என் மரம் எது?"

நான் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. உள்ளதில் உயரமாய், குலை தள்ளி நின்றதைக் காட்டினேன். அவன் போய் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மகனிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னான். "நல்லாத்தான் வளந்திருக்கேன், என்னக்கா?" என்று அங்கிருந்தே கத்தினான்.

"நல்லா வளந்திருக்கடா" என்றேன். சேலையை ஒதுக்குவது போல, அந்த அடிமரத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் படம் எடுத்து முடித்து, பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்கும்வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.